ஓவியப் பக்கம்: நிலக்காட்சி குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. அனைத்தும் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றியும், அதை எதனால், எப்படிச் செய்வது என்பதைப் பற்றியும் கேட்டிருந்ததால், மற்ற ஊர்க் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கத்தை அவற்றுக்கே தந்திருக்கிறேன்.

முட்டம் கடற்கரைப் பாறைகளை ஒரே இடத்தில் அமர்ந்து நீர்வண்ணத்தில் ஒரு படமும் எண்ணெய் வண்ணத்தில் ஒரு படமும் தீட்டினேன். முதல் படத்தைப் பார்த்தவர்கள் ‘ஏன் இத்தனை சோகம்?’ என்றார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் ‘கம்பீரம்’ என்றார்கள். பாறையும் ஒன்று, மாலைப் பொழுதும் ஒன்று, என் மனநிலையும் மாறவில்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?
— ஓவிய ஆசிரியை, குளச்சல்

இரண்டும் ஒரே காட்சி என்று தாங்கள் கருதுவதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளையே. மெல்லிய வண்ணப் படலத்தை ஊடுருவிச் செல்லும் ஒளி, அடியிலுள்ள தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. அதனால் வானம், நுரை, உப்புக்காற்றில் மிதக்கும் ஈரம் ஆகியவை அந்த ஊடகத்தில் எளிதாக அமைந்துவிடுகின்றன; பாறைதான் அடம் பிடிக்கிறது. அதன் கருமைக்காக அடுக்கடுக்காக வண்ணத்தை ஏற்றினால் தாள் மூடிப்போய்ப் படம் கலங்கிவிடும். பழகிய கை என்பதால் தாங்கள் அதைத் தவிர்த்து, பாறையை ஓரளவோடு நிறுத்தி, அதன் விளிம்புகளை ஈரத்தில் கசியவிட்டிருப்பீர்கள். கடல் கரைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாறையைப் பார்த்தவர்கள் அதைச் சோகம் என்றார்கள்.

எண்ணெய் வண்ணத்தில் நிறமி ஆளிவிதை எண்ணெயில் குழைந்திருக்கிறது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவதால், படலம் உலர நாட்கள் பிடிக்கும். அதுவரை இழுக்கலாம், துடைக்கலாம், இருட்டின்மேல் வெளிச்சத்தை ஏற்றலாம். கத்தியால் தடிமனாக வைத்த வண்ணத்தின் முகடுகள் அறையின் வெளிச்சத்தையே வாங்கி நிழல் வீழ்த்துகின்றன. அங்கே பாறைக்கு உண்மையான உடம்பு கிடைத்துவிடுகிறது. நுரையும் கெட்டியான வெள்ளை வண்ணத்தில் வைக்கப்படுவதால், அலைகூடக் கல்லின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. தாங்கள் முதலில் தீட்டியது முட்டத்துக் காற்றை. அடுத்துத் தீட்டியது முட்டத்துக் கல்லை.

இதில் பருவத்துக்கும் பங்கு உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கடலோரத்தில் நீர்வண்ணத் தாள் உலர மறுக்கும், ஒரு பூச்சு இன்னொன்றுக்குள் ஓடும். பங்குனி வெயிலிலோ தூரிகை திரும்பி வருவதற்குள் விளிம்பு காய்ந்து கோடாகிவிடும். ஆகவே மழைக்காலப் படத்தின் மங்கலில் பாதியை ஓவியர் செய்கிறார், மீதியைத் தாள் செய்கிறது. நிறமியின் குணத்தையும் கவனியுங்கள். அல்ட்ராமரின் நீலத்தின் துகள்கள் சொரசொரப்பான தாளின் குழிகளில் தங்கிப் பொரிப்பொரியாகப் படியும். ஈரப் பாறைக்கு அதைவிடப் பொருத்தமான நீலம் இல்லை. தாலோ நீலம் தாளில் சமமாக ஊறிப் பளபளப்பான பரப்பைத் தரும். அதை நான் பாறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெய் வண்ணத்தைக் கடற்கரைக்குத் தூக்கிச் செல்ல முடிவதே ஒரு தகரக் குழாயின் உபயம் என்பதையும் சொல்ல வேண்டும். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கிப் பயன்படுத்தும் தகரக் குழாயை உருவாக்கும் வரை, குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். வெளியில் குறிப்பெடுத்து, அறைக்குள் நிலக்காட்சியை முடிப்பதே பெரும்பாலும் வழக்கம். அந்தப் படங்களில் ஒரு குறிப்பிட்ட வேளையைக் காட்டிலும் நிரந்தரம் தெரிவதற்கு அது முக்கியமான காரணம். குழாய் வந்தபின் பிரெஞ்சு ஓவியர்கள் வயலிலும் ஆற்றங்கரையிலும் படத்தாங்கியை நிறுத்தினார்கள். ஆனால் வண்ணம் மெல்லத்தான் உலரும், வெயிலோ நிற்காது. 1890களின் தொடக்கத்தில் அவர்களில் ஒருவரான மோனே, ரூவான் நகரத் தேவாலய முகப்பைத் தீட்டியபோது, ஒளி மாறமாறக் கேன்வாஸையும் மாற்றிக்கொண்டே போய் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைச் செய்தார். ஒரே முகப்பு காலையில் நீலமாகவும் நண்பகலில் பொன்னாகவும் நிற்பதைக் கண்டவர்கள், படத்தின் பொருள் கட்டடம் என்பதை விட்டுவிட்டு வேளை என்று புரிந்துகொண்டார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களின் படங்களில் மரம், செடி, விலங்கு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அரண்மனைக்கு வெளியே நிற்கும் வேளிமலையை அந்த ஓவியர்கள் யாரும் வரையவில்லையே? நிலக்காட்சி வரைய நம்மவர்களுக்குத் தெரியாதா?
— கல்லூரி மாணவர், தக்கலை

தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம், தம்பி. உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் உள்ள அந்த ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கேரளச் சுவரோவிய மரபில் வந்தவை. அந்த மரபின் செய்முறையைப் பார்த்தால் மலை ஏன் வரவில்லை என்பது பெருமளவு விளங்கிவிடும்.

சுண்ணாம்புப் பூச்சு நன்றாக உலர்ந்தபின், சுண்ணாம்பை இளநீரில் கலந்து பலமுறை மெல்லிதாகப் பூசி வெண்பரப்பை ஆயத்தம் செய்வார்கள். சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தன. கறுப்பு எண்ணெய் விளக்கின் புகைக்கரி. பச்சை அவுரிச் சாற்றோடு மஞ்சள் பிசினைச் சேர்த்து உண்டாக்கியது. வெள்ளை சுவரின் சுண்ணாம்பே. இவற்றை வேப்பம் பிசினில் குழைத்து, மஞ்சளில் தொடங்கிக் கறுப்புக் கோட்டில் முடிப்பார்கள். உலர்ந்த சுவரில் இந்த வண்ணம் உடனே ஊறிக் காய்ந்துவிடும். ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைத்துப் பரந்த வெளியை உண்டாக்க அவகாசமே இல்லை. நிழல் வேண்டுமென்றால் நுண்புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும்தான் கொண்டுவர வேண்டும். தொலைவு கூடக்கூட நீலம் வெளிறிக்கொண்டே போகும் மலைத்தொடருக்குத் தேவையானது இழையும் நீலம். இந்தச் சுவரில் இழைப்பும் இல்லை, நீலமும் அரிது. அதே சமயம், ஒரு மரத்தை இலை இலையாக, ஒரு மானைக் குளம்பு வரை துல்லியமாகச் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த முறையும் இல்லை.

செய்முறை இப்படி இருக்கும்போது, மரத்தை ஓரிடத்தில் நின்று பார்த்த தோற்றமாக வரைய வேண்டிய அவசியமும் எழவில்லை. அங்கே அடிவானம் கிடையாது, பார்ப்பவர் நிற்கும் இடமும் கிடையாது. அனந்தசயனத்திலும் கிருஷ்ணன் இருக்கும் இடத்திலும் எவையெல்லாம் உடனிருக்க வேண்டுமோ அவை ஒன்றுபோல் அருகில், ஒன்றுபோல் தெளிவாக இருக்கின்றன. சங்கப் பாடல்களின் நெய்தலை நினைத்துக்கொள்ளுங்கள். புன்னையும் தாழையும் நண்டும் நாரையும் வரும். சொல்பவர் எந்த மேட்டில் நின்று பார்க்கிறார் என்பது அநேகமாக வராது. அதையும் நிலக்காட்சி என்றுதான் நான் கருதுகிறேன்.

நின்று பார்க்கும் நிலக்காட்சி திருவிதாங்கூருக்குள் எண்ணெய் வண்ணத்தோடு நுழைந்தது. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அவர் தீட்டுவதைப் பார்த்தே இளைஞரான ரவி வர்மா எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கங்களைக் கைக்கொண்டார். அவருடைய தம்பி சி. ராஜராஜ வர்மா நிலக்காட்சியில் தேர்ந்தவர். அண்ணனின் படங்களில் பின்புலத்தைத் தீட்டுவதிலும் துணை நின்றார். மெல்ல உலரும் வண்ணம் கைக்கு வந்ததும் தெய்வங்களுக்குப் பின்னால் குளம், பாறை, தொலைமலை, மாலை வெளிச்சம் எல்லாம் வந்து சேர்ந்தன; அதாவது தெய்வங்கள் ஓர் இடத்துக்கும் ஒரு வேளைக்கும் உட்பட்டவர்கள் ஆனார்கள். வேடிக்கை என்னவென்றால், 1894இல் ரவி வர்மா மும்பையில் தொடங்கிய அச்சகத்தில் அதே படங்கள் நிறத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து அச்சிடப்பட்டபோது, அந்த இழைப்பு பெருமளவு போய், தொலைமலை மறுபடி ஒரு திரைச்சீலை ஆகிவிட்டது. நம் வீட்டுப் பூஜை அறைகளுக்கு வந்தது அந்தத் திரைச்சீலைதான்.

வேளிமலையை அந்த ஐந்து நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு, உலர்ந்த சுண்ணாம்புப் பலகையில் வரைந்து பாருங்கள். தொலைவைக் காட்ட முடியாமல், மலைமேல் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணத் தொடங்குவீர்கள்.

பனைமரத்தை எந்த ஊடகத்தில் வரைந்தால் சிறப்பாக இருக்கும்?
— வாசகர், அகஸ்தீஸ்வரம்

கரியில். பனையில் நிறம் குறைவு, கோடு அதிகம். சுள்ளென்ற வெளியில் ஒற்றைக் கறுப்பாக நிற்கும் மரத்துக்கு வண்ணம் சேர்த்தால் அது பெரும்பாலும் தென்னையாகிவிடுகிறது. கலம்காரி ஓவியர்கள் இன்றும் முதற்கோடு போடுவது சுட்ட புளியங்குச்சியால்தான். பென்சில் தடிமனுள்ள குச்சிகளை மூடிய தகர டப்பாவில் அடைத்து, புகை போக ஒரு சிறு துளை மட்டும் விட்டு நெருப்பில் வையுங்கள். காற்றுப் புகாததால் குச்சி சாம்பலாகாமல் கரியாகும். புகை அடங்கியபின் டப்பா நன்றாக ஆறும் வரை திறக்க வேண்டாம்.

இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ், வில்லியம் டேனியல் வரைந்த பழைய அச்சுப்படம் ஒன்றின் மறுபதிப்பைப் பார்த்தேன். தலைப்பில் குமரிமுனை என்று இருக்கிறது, ஆனால் மலையே மேலோங்கி நிற்கிறது. அதோடு, நம் ஊர் வெயில் அதில் துளியும் இல்லையே?
— ஓய்வு பெற்ற தபால் ஊழியர், பூதப்பாண்டி

தலைப்பை முழுதாகப் படித்தால் முதல் ஐயம் தீரும்: அது மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள களக்காட்டின் அருகிலிருந்து எடுத்த காட்சி என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். பெரியவர் தாமஸ், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் ஆகிய இருவரும் 1792, 1793 ஆண்டுகளில் தென்னிந்தியாவைச் சுற்றினார்கள். இந்தியப் பயணம் முழுவதிலும் எழுதிய காட்சிகளை 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 படங்களாக வெளியிட்டார்கள்.

வெயில் இல்லாததற்கு அக்வாடின்ட் என்ற அச்சுமுறையைத்தான் முதலில் கேட்க வேண்டும். செப்புத் தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால், தூளுக்கு இடையிலுள்ள செம்பு மட்டும் அரிக்கப்பட்டு நுண்குழிகள் உண்டாகும். அவற்றில் தங்கும் மை தாளில் மெல்லிய சாம்பல் படலமாக இறங்கும். எந்தப் பகுதி வெளிறி இருக்க வேண்டுமோ அதை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றதை மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். ஆகவே சாயல்கள் படிப்படியாக, ஒன்றன்பின் ஒன்றாகவே பிறக்கின்றன. அண்மையிலுள்ள மரம் ஒரு படி, நடுவெளி ஒரு படி, மலை ஒரு படி என்று காட்சி தானாகவே அடுக்குகளாகப் பிரிந்து அமைதியாகிவிடுகிறது. அதன்மேல் கையால் பூசிய நீர்வண்ணமும் மெல்லியதே. களக்காட்டு நண்பகல் நம் கண்ணைக் கூசவைப்பது இடைச்சாயல் ஏதுமின்றி வெளிச்சமும் நிழலும் மோதிக்கொள்வதால்; அக்வாடின்டின் பலமோ இடைச்சாயல். வாங்கியவர்கள் விரும்பியதும் அமைதியான, உரிமையோடு பார்வையிடத்தக்க ஓர் இந்தியாவைத்தான் என்பது என் எண்ணம். அவர்களுடைய விருப்பமும் தகட்டின் இயல்பும் நன்றாக ஒத்துப்போயின.

குமரிமுனையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் வண்ண மணலைக் கேன்வாஸில் ஒட்டிக் கடற்கரை ஓவியம் செய்கிறேன். எங்கள் மண்ணையே கொண்டு எங்கள் மண்ணை வரைவதால் அது கூடுதல் உண்மையானது என்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா? அந்த மணலை அரைத்து வண்ணமும் செய்யலாமா?
— வாசகி, கன்னியாகுமரி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா: அரைக்க வேண்டாம். அந்தச் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இவற்றோடு இந்தக் கரையில் கலந்து கிடக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அரைக்கும்போது எழும் தூசியைச் சுவாசிப்பது நல்லதன்று. மேலும் கார்னெட்டின் சிவப்பு ஆழமாகத் தெரிவது ஒளி அதன் படிகத்துக்குள் ஊடுருவுவதால். மாவாக அரைத்தால் அது வெளிறிப்போகும். கடற்கரையிலிருந்து தாங்களாக அள்ளவும் வேண்டாம். இந்தக் கனிமங்களை எடுப்பது சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

கறுப்பு மணலைப் பற்றி ஒரு செய்தி. ஓவியர்கள் இன்று பிதுக்கும் டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு முக்கிய மூலப்பொருள் இல்மனைட்தான். 1946இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டைட்டானியம் ஆலை அந்த மணலிலிருந்தே வெண்ணிறமியைச் செய்கிறது. முட்டத்து நுரைக்கு வைக்கும் வெள்ளை, இதே போன்ற கடற்கரையில் கறுப்பாகக் கிடந்ததாக இருக்கக்கூடும்.

இனி ‘கூடுதல் உண்மை’. மணலை ஒட்டும்போது அது எதையும் குறிப்பதை நிறுத்திவிட்டு மணலாகவே இருக்கிறது; அதன் துகள் அளவு மாறாது. ஆகவே தொலைவில் தெரிய வேண்டிய கரையை மணலால் நிரப்பினால், அது கண்ணுக்கு முன்னால் வந்து பாறைக்குவியலாக நிற்கும், கடல் அதற்குப் பின்னால் சிறுத்துப்போகும். பெரும்பாலான மணல் ஓவியங்கள் நினைவுப் பொருளாகவே தோன்றுவதற்குக் காரணம் இந்த முரண்தான் என்று நினைக்கிறேன். மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கும் தரையை, அலை பின்வாங்கும்போது கறுப்பும் சிவப்பும் பிரிந்து வரிவரியாகப் படியும் அந்த ஒரு முழத் தரையை, அதே அளவில் செய்யுங்கள். அங்கே மணல் முரண்படாது.

மணலுக்கென்று ஒரு கதையும் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மணவாளக்குறிச்சியில் ஆலை வந்ததும், கரையில் வாழ்பவர்கள் இன்றுவரை மணல் எடுப்பதைப் பற்றிக் கவலையோடு பேசுவதும் அதன் தொடர்ச்சி. தங்கள் படத்தில் ஒட்டிய ஒவ்வொரு துகளும் இவற்றையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சூரிய உதயத்துக்கு அழகுத்தூளாக மட்டும் அதைப் பயன்படுத்துவது எனக்குக் குறைவாகப் படுகிறது.

கடலை நீண்ட நேர ஒளிப்பதிவில் எடுத்தேன். அலை முழுவதும் பனிமூட்டமாகி, பாறைகள் மிதப்பதுபோல் வந்தது. போட்டியில் பாராட்டும் கிடைத்தது. ஆனால் கடலுக்குப் போகும் என் சித்தப்பா ‘இது எந்த ஊர்க் கடல்?’ என்று கேட்டுவிட்டார்.
— புகைப்படக் கலைஞர், கடியபட்டணம்

சித்தப்பாவின் கேள்வி நியாயமானது. அரை நிமிடம் ஷட்டர் திறந்திருக்கும்போது வந்து போன அலைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து, எந்த அலையும் இல்லாத கடல் கிடைக்கிறது. அலையை ஒவ்வொன்றாக எண்ணி வள்ளத்தை இறக்குகிறவருக்கு அதில் படிக்க எதுவுமில்லை. தியானத்தைச் சொல்ல அது நல்ல முறை. கடியபட்டணத்தைச் சொல்வதற்கு ஏற்றதன்று. ஆயிரத்தில் ஒரு விநாடியில் எடுத்தால் அலை கண்ணாடிச் சில்லாக உறைந்துவிடும், அதையும் அவர் ஏற்கமாட்டார். எட்டில் ஒரு விநாடி அளவில் எடுத்துப் பாருங்கள். நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது படத்தில் தங்கும்.

இதை மோசடி என்று யாராவது சொன்னால் மனம் வருந்த வேண்டாம். 1850களில் புகைப்படம் எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகையாக வாங்கியதால், கடலுக்குச் சரியாக ஒளிகாட்டினால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே சில படங்களில் கடலை ஒரு நெகட்டிவிலும் மேகத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். இன்று கைபேசி பல படங்களைக் கணநேரத்தில் கலப்பதும் அதே வேலைதான்.

என் பாட்டாவும் அப்பாவும் கல்வேலை செய்பவர்கள். நானும் பழகி வருகிறேன். ஒரு வீட்டு முகப்புச் சுவருக்கு மலையும் அருவியும் மரமுமாகப் புடைப்புச் சிற்பம் கேட்கிறார்கள். கல்லில் நிலக்காட்சி எடுபடுமா?
— சிற்பப் பயிற்சியாளர், மயிலாடி

எடுபடும், ஆனால் ஓவியத்தைப் பார்த்துக் கொத்தினால் எடுபடாது. மாமல்லபுரத்துப் பெரும்புடைப்பைச் சென்று பாருங்கள். அர்ச்சுனன் தபசு என்பாரும் கங்கை இறங்குவது என்பாரும் உண்டு. அருகருகே நிற்கும் இரு பாறைகளுக்கு இடையே இயற்கையாக இருந்த பிளவை, பல்லவச் சிற்பிகள் ஆறாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிளவில் நாகங்களைச் செதுக்கினார்கள். மேலே நீர் தேக்குவதற்கான தொட்டியின் அடையாளமும் இருக்கிறது. ஆற்றைச் செதுக்காமல், கல்லில் இருந்த குறையையே ஆறு என்று காட்டியது அந்தக் கூட்டத்தின் மேதைமை. முனிவர்களும் யானைகளும் அந்தப் பிளவை நோக்கித் திரும்பியதும் பாறை முழுவதும் இமயம் ஆகிவிட்டது.

கருங்கல்லில் இலை எடுக்க முயலாதீர்கள். அதன் படிகங்கள் பெரியவை, கடினமானவை. மெல்லிய விளிம்பு தெறித்துவிடும். பேலூரிலும் ஹளபேட்டிலும் கொடியும் பூவும் அவ்வளவு நுணுக்கமாக வந்ததற்கு, வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருக்கும் மாவுக்கல் உதவியது. நம் கல்லில் மரத்தைத் திரளாக, மலையைச் சில பெரிய தளங்களாக வையுங்கள். அருவிக்கு மட்டும் மெருகேற்றி, சுற்றியுள்ள பாறையை உளித்தடத்தோடு கரடாக விட்டால், வண்ணமே இல்லாமல் நீர் வேறு, கல் வேறு என்று தெரியும்.

புடைப்பின் ஆழத்தை முடிவு செய்வதற்கு முன் அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாமல்லபுரப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் அதன்மேல் நேரடியாக விழும். வடக்குப் பார்த்த சுவராக இருந்தால் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் நேர்வெயில் கிடைக்காது, ஆழமாக எடுத்தால்தான் மலை மலையாகத் தெரியும். சுவரை ஒட்டி மேலிருந்து விளக்கு வைக்கப் போகிறார்கள் என்றால் அதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் எல்லா நிழலும் கீழ்நோக்கி விழும், அதற்கேற்ப அருவியின் மேல்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தியே கொத்த வேண்டியிருக்கும்.